உப்பு வழி மேசையில் இரண்டாவது ஆள்

"நீங்கெல்லாம் எந்திரிச்சுப் போனதுக்கப்புறம் இவங்கெல்லாம் என்ன பண்ணுவாங்க?"

நிலானி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. கோவை கணபதியில் அவர்கள் வீட்டு மாடியறையில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. மேசைமேல் நின்ற சுண்டுவிரல் உயரப் பொம்மைகளைக் காட்டித்தான் கேட்டாள்.

"தூங்குவாங்க கண்ணு," என்றார் தரணிதரன், பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டே.

"அடுத்த ஞாயித்துக்கெழமை வரைக்குமா? பசிக்காதா?"

"உங்கப்பன் மூட்டையில உப்பு இருக்குதல்லோ, அதை நக்கிக்குவாங்க."

பெரியவர்கள் சிரித்தார்கள். குழந்தை சிரிக்கவில்லை. கீழே போகும்முன் ஒவ்வொரு பொம்மையின் காலடியிலும் ஒரு பொரிகடலையை வைத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் ஆடியது காய் நகர்த்தும் விளையாட்டு அல்ல. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் ஏற்று, ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் பேசியும் நடந்தும் போவார்கள். எது நடக்கும், எது நடக்காது என்பதைப் பகடை சொல்லும். 'உப்பு வழி' என்ற அந்த ஆட்டத்தை எழுதித் தன் சொந்தப் பதிப்பகத்தில் வெளியிட்டவர் நிலானியின் அப்பா செந்தூரன். கடற்கரையிலிருந்து மலைக்கு உப்பு கொண்டுபோகும் வணிகர்களின் பயணம் அது. அதில் அவர் மருதவாணன் என்ற வணிகர். தரணிதரன் அவருக்கு முன்னால் போய் வழி பார்க்கும் கூகை என்ற ஆள். கதையை நடத்தியது செந்தூரனின் மனைவி கலையரசி. மழை வருகிறது என்று அவர் சொன்னால் மேசையில் இருப்பவர்கள் தோளைக் குறுக்கிக்கொள்வார்கள்.

குழந்தையின் கேள்விக்குப் பத்து வருஷம் கழித்து ஒரு நிறுவனம் பதில் கண்டுபிடித்தது. அதன் பெயர் 'கூடாரம்'. ஒரு மேசையின் ஆட்டங்களை அதன் இயந்திரம் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருவர் வராத நாளில், அவர் எங்கே சிரிப்பார், எங்கே பயப்படுவார், என்ன சொல்லி வம்பிழுப்பார் என்பதையெல்லாம் அவர் குரலிலேயே செய்துகாட்டும். அதைப் பதிலாள் என்றார்கள். மனிதர் உட்கார்ந்திருந்தால் அவர் நாற்காலிக்கு நேராகப் பச்சை விளக்கு. பதிலாள் என்றால் மஞ்சள்.

முதலில் கல்யாணத்துக்கோ காய்ச்சலுக்கோ ஒரு வாரம் விடுப்பெடுத்தவர்களுக்காகத்தான் பதிலாள் வந்தது. பிறகு வெளிநாடு போனவர்களுக்காக வந்தது. பிறகு, செத்துப்போனவர்களுக்காகவும். கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்யவில்லை. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர்கள் செய்தது.

தரணிதரனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. சாயிபாபா காலனியில் ஒரு மாடியறையில் தனியாக இருக்கிறார். காலையில் தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, மத்தியானம் மெஸ் சாப்பாடு, மற்ற நேரமெல்லாம் 'மேசைச் செய்தி'. வியாழக்கிழமைதோறும் நாலாயிரம் பேருக்குப் போகும் கடிதம் அது. எந்த ஊரில் யார் ஆட்டப் பொம்மை செய்கிறார்கள், எந்தப் பதிப்பாளர் எந்தப் பதிப்பாளரை வாங்கினார், ஆட்டப் பெட்டிகளின் அட்டை ஏன் இவ்வளவு மெலிந்துவிட்டது என்று அந்தத் தொழிலின் நடப்பெல்லாம் அதில் இருக்கும். விளையாட்டுகளைப் பற்றி எழுதும் மனிதர் பதினோரு வருஷமாக எந்த மேசையிலும் உட்காரவில்லை. இது யாருக்கும் தெரியாது. கேட்பதற்கும் யாரும் இல்லை.

அந்த வாரப் பெரிய செய்தி, கூடாரத்தை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது என்பது. புது முதலாளிகள் ஒரு விதி போட்டிருந்தார்கள். அதைத்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார். அப்போது தொலைபேசி ஒலித்தது.

"சார், வணக்கம். கூடாரம் ஆபீஸ்லருந்து மெர்சி புஷ்பம் பேசுதேன். தரணிதரன் சார்தான?"

"ஆமாங்க. நானே கூப்பிடலாம்னு இருந்தேன். மொத்தம் எத்தனை மேசை மூடறீங்க?"

"ஐயோ சார், நான் பத்திரிகைக்குப் பேசல. உங்க பதிலாள் விஷயமாக் கூப்பிட்டேன்."

"எனக்குப் பதிலாளே கெடையாதுங்களே."

"இருக்கு சார். பதினோரு வருஷமா ஆடிட்டு இருக்கு. வால்பாறையில செந்தூரன்னு ஒருத்தர் மேசை. ஒரு ஞாயித்துக்கெழமை கூட விட்டதில்ல."

தரணிதரன் எழுதுவதை நிறுத்தினார்.

"அந்த மேசையில நாலு நாற்காலி சார். மூணு மஞ்சள், ஒண்ணுதான் பச்சை. கதை நடத்துற அம்மா ஆறு வருஷம் முன்னால தவறிட்டாங்க. மக அடிலெய்டுல இருக்காங்க. நாலாவது நீங்க. புது விதிப்படி, ஒரே ஒரு மனுசர் மட்டும் ஆடுற மேசைய இந்த மாசக் கடைசியில மூடுதோம். மூடினா மூணு பதிலாளும் அழிஞ்சிரும். சொந்தக்காரங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லணும்னு இருக்கு, அதான்."

"அவனுக்குத் தெரியுமா?"

"லெட்டர் போயிருக்கு சார். பதில் வரல. போன ஞாயிறும் வழக்கம்போல ஆடினாங்க."

"மகள்?"

"பேசினேன். 'அப்பா இன்னுமா அத ஆடுறாங்க'ன்னு கேட்டாங்க. அங்க அவங்களுக்கு ஆஸ்பத்திரி வேல, ஞாயித்துக்கெழமைதான் லீவு கிடைக்காதாம்."

யோசித்துச் சொல்வதாகக் கூறி அவர் தொலைபேசியை வைத்தார். யோசிக்க எதுவும் இல்லை. நினைத்துப் பார்க்கத்தான் இருந்தது.

அந்த மாடியறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்கும்முன் எல்லோரும் மேசை விளிம்பைத் தொட்டு, "மேசைப் பேச்சு மேசையோட" என்பார்கள். வேஷத்துக்குள் ஒருவர் அழுதாலும் திட்டினாலும் மறுநாள் அதைப்பற்றிக் கேட்கக் கூடாது. கட்டிய மனைவிகூடக் கேட்கக் கூடாது. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு, கதையில் எல்லோரும் தூங்கிய பிறகு, வணிகர் மருதவாணன் கூகையிடம் சொன்னார்: "கூட வர்ற முப்பது பேருக்கும் ரெண்டு மாசக் கூலிதான் மடியில இருக்குது. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா இன்னிக்கே கலைஞ்சு போயிருவாங்க. எப்படியாச்சும் அடுத்த சந்தைக்குள்ள சமாளிச்சிருவேன், கூகை."

செந்தூரனின் பதிப்பகத்திலும் முப்பது பேர்தான் வேலை பார்த்தார்கள்.

திங்கட்கிழமை தரணிதரன் இரண்டு அச்சகங்களில் விசாரித்தார். செந்தூரன் பதிப்பகத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்பது வியாழக்கிழமை மேசைச் செய்தியில் முதல் செய்தியாக வந்தது. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. காகிதம் கொடுப்பவர்கள் நிறுத்தினார்கள், கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பின, மூன்றே வாரத்தில் பதிப்பகம் மூடப்பட்டது. செய்தி வராமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்பது கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு மனிதன் தன் பயத்தை இறக்கி வைக்க உலகத்தில் வைத்திருந்த ஒரே இடத்தை நண்பன் விற்றுவிட்டான் என்பது அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

செந்தூரன் திட்டவில்லை. அந்தச் சனிக்கிழமை கூப்பிட்டு, "நாளைக்கு வர்றயாடா? கலை கேட்டா," என்று மட்டும் கேட்டார். தரணிதரன் காய்ச்சல் என்றார். அடுத்த சனிக்கிழமையும் காய்ச்சல் என்றார். அதற்கடுத்த சனிக்கிழமை தொலைபேசி வரவில்லை. பதிலாளை உட்கார வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அவர்கள் கணபதி வீட்டை விட்டு வால்பாறைக்குப் போனதுகூடப் பிறகு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

மறுநாள் அவரே மெர்சியைக் கூப்பிட்டார்.

"ரெண்டாவதா ஒரு மனுசர் ஆடினா மேசைய விட்டுருவீங்களா?"

"விட்டுருவோம் சார். மாசத்துல ரெண்டு பேரு ஆடியிருக்கணும், அவ்வளவுதான். நீங்க உள்ள வந்தா உங்க விளக்கு பச்சையாகும், அவருக்கும் சந்தோசமா இருக்கும்."

"விளக்கு பச்சையாகாம வர முடியுங்களா?"

மெர்சி சற்றுத் தயங்கினாள். "நிழல் வருகைன்னு ஒண்ணு இருக்கு. பதிலாள் நம்மள மாதிரி ஆடலன்னா கூட இருந்து திருத்துறதுக்கு வச்சது. நீங்க பேசுனா உங்க பழைய குரல்லயே போவும். விளக்கு மஞ்சளாவே இருக்கும். கணக்குல நீங்க மனுசர்தான். ஆனா ஏன் சார்? நேராவே போகலாம்ல? அவரு கோவிச்சுக்கிடுவார்னு தோணல எனக்கு."

"கோவிச்சுக்க மாட்டாம்மா. அதான் பயம்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவன் அங்க பேசறது எங்கூட இல்ல. கெட்டுப்போறதுக்கு முந்தி இருந்த ஒருத்தங்கூட. நான் போய் நின்னா அந்த ஆளும் அவனுக்கு இல்லாமப் போயிருவான்."

"இது ஒரு மாதிரி ஏமாத்துறதுதான சார்?"

"ஏமாத்தறதுதானுங்க."

மெர்சி எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பொறுமையாக இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தாள். "ஞாயித்துக்கெழமை நாலு மணி சார். நான் சர்ச்சுல உங்களுக்காகவும் ஜெபிச்சுக்கிடுதேன்," என்று சொல்லி வைத்தாள். வேலைக்கு இதெல்லாம் தேவையில்லை. ஆனாலும் செய்தாள்.

முதல் ஞாயிறு அவர் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். செந்தூரனின் குரல் கரகரத்துப் போயிருந்தது. கலையரசியின் குரலுக்கு வயதாகவில்லை. "மேக்கால மழை இருட்டிட்டு வருது. மாடுக காதைச் சிலுப்புது," என்றது. அறையில் தனியாக இருந்த தரணிதரன் தோளைக் குறுக்கிக்கொண்டார். அடுத்து ஒருவன் பேசினான்: "மொதலாளி, மழையில உப்பு கரைஞ்சா ஆத்து மீனெல்லாம் கருவாடாயிரும். சீக்கிரம் வாங்க." சொல்லிவிட்டு அவனே வாய்விட்டுச் சிரித்தான். செந்தூரனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு யாருடையது என்று புரிய தரணிதரனுக்குச் சில நொடிகள் ஆயின. அப்படிச் சிரித்து அவருக்குப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

இரண்டாவது ஞாயிறு அவர் பேச வேண்டியிருந்தது; சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் கணக்கில் சேராது. பதிலாள் என்ன சொல்லியிருக்கும் என்பது அவர் திரையின் ஓரத்தில் எழுத்தாக ஓடும். அதைப் பார்க்காமல் சொந்தமாகப் பேசினார்.

"பாலத்தை நான் சோதித்துப் பார்க்கிறேன்," என்றார்.

"என்றா கூகை, வாத்தியாராட்டப் பேசற?" என்றார் செந்தூரன். "ராத்திரி எதையாச்சும் முழுங்கிட்டயா?"

தரணிதரன் அவசரமாக ஓரத்தில் ஓடிய எழுத்தைப் படித்தார். "ஆமாங்க மொதலாளி, உங்க கணக்குப்பிள்ளைய முழுங்கிட்டேன். அதான் வார்த்தை சுத்தமா வருது."

செந்தூரன் இருமும்வரை சிரித்தார். தன்னைப்போல் இருப்பதற்குத் தன்னையே பார்த்துப் படிக்க வேண்டியிருந்ததே என்று தரணிதரனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நாலைந்து வாரத்தில் ஓரத்தைப் பார்ப்பது குறைந்தது. மெஸ்ஸில் சாதம் போடுபவர்கூட ஒருநாள், "என்னங்க சார், இன்னிக்குச் சிரிக்கறீங்க," என்றார்.

இதற்கிடையில் மாதம் முடிந்தது. மேசை மூடப்படவில்லை. தொழிலில் வேறொரு செய்தி பரவியது. உப்பு வழி வெளிவந்து இருபத்தைந்து வருஷம் ஆவதால், ஒரு பெரிய பதிப்பகம் அதைப் புதிதாகக் கொண்டுவர முன்வந்தது. அடுத்த பாகத்தையும் செந்தூரனே எழுத வேண்டும் என்று ஆளனுப்பிக் கேட்டார்கள். 'இயலாது, மன்னிக்கவும்' என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. பேராசை என்றார்கள் சிலர். தலைக்கனம் என்றார்கள் பலர்.

ஏழாவது ஞாயிறு, கதையில் எல்லோரும் ஆற்றங்கரையில் தங்கினார்கள். வெள்ளம் வடியக் காத்திருக்க வேண்டும். நிலானியின் பதிலாள் மாடுகளைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டது.

"கூகை," என்றார் செந்தூரன், மருதவாணனின் குரலில். "உன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன்."

"சொல்லுங்க மொதலாளி."

"எனக்கு வழி மறந்து போகுதுடா. போன வாரம் சந்தைக்குப் போயிட்டு வந்து என்ற வீட்டு வாசல்லயே நிக்கறேன். இது யார் வீடுன்னு தெரியல. பூட்டைத் திறக்கற சாவி கையில இருக்குது, எதுக்கு இருக்குதுன்னு தெரியல. பக்கத்து வீட்டுப் புள்ள வந்து திறந்துவிட்டுச்சு." செந்தூரன் நிறுத்தி மூச்சு வாங்கினார். "வைத்தியரைப் பார்த்தேன். கொஞ்சங்கொஞ்சமா எல்லாம் போயிரும்னாரு. பெரிய வணிகருங்க புதுசா ஒரு வழி போட்டுக் குடுன்னு ஆளனுப்பினாங்க. பழைய வழியே நிக்கல, புதுசு எங்கருந்து போடறது? முடியாதுன்னுட்டேன். என்ற மகளுக்குக்கூடச் சொல்லல. சொன்னா வேலைய விட்டுட்டு ஓடியாருவா."

கலையரசியின் குரல் வந்தது. "தண்ணி வடியுது. விடியறதுக்குள்ள கடந்தரலாம்."

தரணிதரன் திரையின் ஓரத்தைப் பார்த்தார். பதிலாள் ஒரே ஒரு வரி வைத்திருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் இருந்த தரணிதரன் சொல்லியிருக்கக்கூடிய வரி. அதை அப்படியே, ஒரு எழுத்தும் மாற்றாமல் சொன்னார்.

"நான் முன்னால போறேனுங்க மொதலாளி. நீங்க என்ற முதுகைப் பார்த்துட்டு வாங்க, போதும்."

"ம்," என்றார் செந்தூரன். "டைஸைப் போடு. ஆத்தைத் தாண்டலாம்."

செவ்வாய்க்கிழமை ஒசூரிலிருந்து சிபி கூப்பிட்டான். ஆட்டங்களைப்பற்றிக் காணொளி போடும் இளைஞன், நல்ல பையன், அவசரக்காரன்.

"அண்ணா, செந்தூரன் சாரைப் பத்தி ஒண்ணு பண்றேன். வளர்த்துவிட்ட தொழிலையே மதிக்காத மனுசன்னு. நீங்க அந்தக் காலத்துல அவர் மேசையில ஆடினவராமே? ஏன் மறுத்தாருன்னு ஏதாச்சும் தெரியுமா?"

தரணிதரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்தது இந்த வருஷத்தின் பெரிய செய்தி. அதுமட்டும் என்றால் விட்டுவிடுவது எளிது. ஆனால் அதைச் சொன்னால் செந்தூரனை யாரும் தலைக்கனம் பிடித்தவர் என்று சொல்ல மாட்டார்கள். வாயடைத்துப் போவார்கள், கண்ணீர்கூட விடுவார்கள். நண்பனின் பெயரைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று தனக்கும் சொல்லிக்கொள்ளலாம். பாவம் எப்போதும் கெட்ட முகத்தோடு வருவதில்லை. போன தடவையும், முப்பது பேருக்கு உண்மை தெரிய வேண்டாமா என்றுதான் அது கேட்டது.

"எனக்குத் தெரியாது சிபி," என்றார். மேசைக்கு வெளியே இருக்கும் தரணிதரனுக்குத் தெரியக் கூடாதுதான்.

"அப்ப நான் போட்டுரவா?"

"போடாத."

"காரணமே தெரியாதுங்கறீங்க, அப்புறம் ஏன் போடாதங்கறீங்க?"

"காரணம் தெரியாததனாலதான் தம்பி. ஒருத்தன் ஏன் முடியாதுன்னான்னு நமக்குத் தெரியலன்னா, முடியலன்னே வெச்சுக்கலாமே. உனக்கு இந்த வாரம் செய்தி வேணும்னா ஈரோட்டு மரப்பகடைக்காரர் நம்பர் தர்றேன். வேப்பமரத்துல இருபது பக்கப் பகடை செதுக்கறாரு. யாரும் இன்னும் எழுதல."

அது அவர் வியாழக்கிழமைக்காக மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த செய்தி. சிபி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிண்ணா, நம்பரைக் குடுங்க," என்றான்.

அந்த வாரம் மேசைச் செய்தி மெலிந்து வந்தது. அட்டை விலை, ஒரு கண்காட்சியின் தேதி, திருச்சியில் மூடிய ஒரு கடை. 'உப்பு வழி பற்றி ஊரே பேசுகிறது, உங்களிடம் ஒரு வரியும் இல்லை, நீங்கள் ஓய்வெடுக்கலாம்' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். தரணிதரன் அவருக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டார்.

பிறகு உப்பு வழியின் பழைய பதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, ஆற்றைத் தாண்டியபின் மலைவரை உள்ள பாதையை ஒரு தாளில் இறக்கினார். இரட்டைப் புளியமரம், உடைந்த மதகு, படி தேய்ந்த கிணறு, கன்னிமார் கோயில். மருதவாணன் கேட்பதற்குள் சொல்லிவிட வேண்டும். எழுதுவது பாதியில் நின்றபோது, இன்னொரு தாளில் மெர்சிக்கு ஒரு கேள்வி குறித்துக்கொண்டார்: வால்பாறையில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண் கிடைக்குமா, தன் பெயர் சொல்லாமல், செந்தூரன் வீட்டுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"மொதலாளி, இப்ப இரட்டைப் புளியமரத்தைத் தாண்டறோம். சோத்தாங்கைப் பக்கம் மரம். அடுத்தது மதகு, நூறு தப்படி கூட இல்ல."

"எனக்குத் தெரியாதாக்கும்," என்றார் செந்தூரன். பிறகு, "என்றா இன்னிக்கு வாயே மூட மாட்டேங்கற?"

"வாய் ஓஞ்சா கால் வலிக்குதுங்க. அதா, மதகு வந்திருச்சு. உடைஞ்ச பக்கம் வேண்டாம், இப்படி வாங்க."

"வர்றேன், வர்றேன்," என்றது கரகரத்த குரல். "நீ போயிட்டே இரு."